மிஸ்டர் கிராம்ப்டனின் கண்ணாடி அறை

"கண்ணாடி அறைக்குச் சுவர் எவ்வளவு உயரம் வரணும், மிஸ்டர் கிராம்ப்டன்?"

பின்வாசலில் நின்று இப்படிக் கேட்ட ஆளை நாரிஸ் டாட்லக் வாயில் டோஸ்டோடு பார்த்தார். அந்த ஆளுக்குப் பின்னால், நேற்று மாலை வரை புல்தரையாக இருந்த இடத்தில், இன்னொருவர் இடுப்பளவு குழிக்குள் நின்று மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தார். ரேடியோவை அலறவிட்டுக்கொண்டு சவரம் செய்வது நாரிஸின் வழக்கம். அதனால் குழி தோண்டிய சத்தம் அவர் காதில் விழவில்லை.

நாரிஸ், கிராம்ப்டன் அல்ல. கிராம்ப்டன் பக்கத்து வீட்டுக்காரர். அவர் வீட்டு எண் பதினாறு, இது பதினாலு.

இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் டாரன் என்ற அந்த மேஸ்திரி, வந்த இடத்தில் இருந்த ரோஜாச் செடிகளை வேர் அறுபடாமல் எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி, நிழலாகப் பார்த்து வைத்திருந்தார். இவ்வளவு பதவிசாக வேலை செய்கிறவரிடம், "ஐயா, நீங்கள் வீடு மாறி வந்துவிட்டீர்கள்" என்று முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? எங்கள் சோர்லி ஊரில் ஒருவர் நம் காலை மிதித்துவிட்டால் மிதிபட்டவர்தான் மன்னிப்புக் கேட்பார். அப்படி வளர்த்திருக்கிறார்கள்.

நாரிஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"டீ சாப்பிடறீங்களா?" என்றார்.

"ரெண்டு சர்க்கரை போடுங்க," என்றார் டாரன்.

டீயைக் கொடுத்துவிட்டுப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது நாரிஸின் கணக்கு. அது தப்புக் கணக்கு. ஒருவருக்கு டீ கொடுத்துவிட்ட பிறகு அவரை வெளியே போகச் சொல்ல எங்கள் ஊரில் வழியே கிடையாது.

கண்ணாடி அறைக்கும் நாரிஸுக்கும் இருந்த உறவு லேபர்னம் தெருவில் எல்லோரும் அறிந்ததுதான். வீட்டின் பின்புறம் ஒன்று கட்ட வேண்டும் என்று பத்து வருடத்துக்கு மேலாக அவர் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்தார். சுற்றுவட்டாரத்தில் அவர் ஏறி இறங்காத கடை இல்லை. தரையிலிருந்தே கண்ணாடியா, கீழே குட்டைச் சுவர் வைத்து அதன்மேல் கண்ணாடியா என்பதில் மூன்று கோடைகள் போயின. கூரை கண்ணாடியா பிளாஸ்டிக் தகடா என்பதில் இன்னும் சில. கதவுக் கைப்பிடி பித்தளையா எஃகா என்று முடிவு செய்ய, இரண்டையும் கடையிலிருந்து இரவல் வாங்கிவந்து, ஒரு குளிர்காலம் முழுக்கச் சாப்பாட்டு மேஜையில் வைத்துத் திருகிப் பார்த்தார். கடைக்காரர் ஓய்வு பெறும்போது கைப்பிடிகளைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அறை வேண்டும் என்று கேட்டது அவர் மனைவி பெரில். குளிர்காலம் வந்தால் பெரிலுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கிக்கொள்ளும். வெயில் பட்டால்தான் வலி அடங்கும். அந்த வீட்டில் வெயில் எட்டிப் பார்ப்பது சமையலறை ஜன்னலில் மட்டும். அதுவும் மத்தியானம் கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்ச நேரமும் அவர் பாத்திரம் கழுவும் தொட்டியோரம் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் நாரிஸுக்கு மனசு கேட்காது. உடனே கிளம்பிப் போய் இன்னொரு கடையின் படப்புத்தகத்தை வாங்கிக்கொண்டு வருவார்.

அன்று காலை பெரில் சர்ச்சில் பூ அலங்காரம் செய்யப் போயிருந்தார். மத்தியானம் திரும்பி வந்தவர், கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் பின்வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

"நாரிஸ், இது என்ன?"

"அது வந்து பெரில்... நானே உன்கிட்ட..."

"கண்ணாடி அறைதானே?"

"ஒரு விதத்துல பாத்தா, ஆமா. ஆனா..."

"என்கிட்ட ஒரு வார்த்தை மூச்சு விடாம!" பெரிலின் கண் கலங்கிவிட்டது. "நான் போய்ச் சேர்ந்த பிறகு என் கல்லறை மேலதான் நீ கட்டுவேன்னு நெனச்சுட்டிருந்தேன்."

சொல்லிவிட்டு நாரிஸின் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தார். மேஸ்திரிகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுகூட யோசிக்கவில்லை. இந்த முத்தத்தை வாங்கிக்கொண்டு, 'இது கிராம்ப்டனுடைய அறை' என்று சொல்லக்கூடிய கல்நெஞ்சக்காரர் எவரும் இருக்க முடியாது. நாரிஸ் மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றார்.

பெரில் கடைக்குப் போனதும் நாரிஸ் மனதைத் திடப்படுத்திக்கொண்டு டாரனிடம் போனார்.

"மிஸ்டர் டாரன், ஒரு சின்ன விஷயம். ரொம்பச் சின்ன விஷயந்தான். அவசரம்னு ஒண்ணும் இல்ல."

"சொல்லுங்க மிஸ்டர் கிராம்ப்டன்."

"பக்கத்து வீட்டைப் பத்தி. அதாவது, பதினாறாம் நம்பர். அங்க பாத்தீங்கன்னா..."

டாரன் வேலிப்பக்கம் பார்த்தார். மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைக் கீழே வைத்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"புரியுது சார். அவங்க வீட்டு மேல நிழல் விழுமோன்னு பாக்கறீங்க. உங்கள மாதிரி நல்ல மனுஷரை நான் பாத்ததே இல்ல. கவலையே படாதீங்க, அறையை இந்தப் பக்கமா இழுத்துடறேன்."

அறையை இந்தப் பக்கம் இழுத்ததில் முட்டைக்கோஸ் பாத்தி போயிற்று. அகலமும் கொஞ்சம் கூடிற்று. நாரிஸ் நன்றி சொல்லிவிட்டு உள்ளே வந்து, இன்னொரு டீ போட்டார்.

டாரனின் வண்டியில் எழுதியிருந்த நம்பருக்கு ஃபோன் செய்து கம்பெனியிலேயே சொல்லிவிடலாம்தான். ஆனால் வீடு மாறி வேலை செய்ததற்காக டாரனின் வேலை போய்விட்டால்? பேச்சுவாக்கில் டாரன் தன் மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பதாக வேறு சொல்லியிருந்தார். நாரிஸ் ஃபோனை எடுத்தார், டயல் செய்யாமலே வைத்தார்.

சரி, கிராம்ப்டனிடமே சொல்லிவிடுவது என்று மறுநாள் வேலியோரம் போனார். ஹம்ப்ரி கிராம்ப்டன் ஒரு நெட்டை மனிதர். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் ஒரே வெட்டில் முடிவு செய்பவர் என்று பெயர். அன்றைக்கும் செடிவேலியை ஒரே வெட்டாக வெட்டிக்கொண்டிருந்தார்.

"மழை வரும் போலிருக்கே," என்றார் நாரிஸ்.

"வராமலும் போகலாம்," என்றார் கிராம்ப்டன்.

இந்த விஷயத்தை இருவரும் எல்லாப் பக்கமிருந்தும் அலசி முடித்த பிறகு நாரிஸ் மெதுவாக ஆரம்பித்தார்.

"ஹம்ப்ரி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுக்கு யாராவது... வேலைக்கு வரவேண்டியவங்க யாராவது வராம இருக்காங்களா?"

கிராம்ப்டன் கத்தரியைத் தாழ்த்தினார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? போன வாரமே வர்றோம்னாங்க. இன்னும் ஆளைக் காணோம்."

"ஃபோன் பண்ணிக் கேக்கலாமே."

"கேக்கலாம். ஆனா நாம கேட்டு, அவங்களுக்கு ஒரு மாதிரியா ஆயிடுச்சுன்னா? வரும்போது வரட்டும்னு வீட்ல மார்ஜரியும் சொல்லிட்டா."

நாரிஸுக்கு இருந்த கொஞ்ச நஞ்ச நம்பிக்கையும் போயிற்று. சந்தேகமே இல்லை, இவருடைய அறைதான். 'உங்கள் ஆட்கள் என் வீட்டில்தான் இருக்கிறார்கள்' என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"உங்க வீட்டுப் பின்னாடி ஏதோ சத்தம் கேட்டுதே?" என்றார் கிராம்ப்டன்.

"அதுவா? மண்ணைக் கொஞ்சம் கிளறிவிடறேன். முட்டைக்கோஸுக்கு."

வாயிலிருந்து வந்தபிறகுதான் அது பொய் என்பது நாரிஸுக்கே உறைத்தது. அவர் வாழ்க்கையில் சொன்ன பொய்களை ஒரு கையால் எண்ணிவிடலாம். இப்போது, சொன்ன பொய்யைக் காப்பாற்றியாக வேண்டும்.

வீட்டில் இருந்த படுக்கை விரிப்பு, மேஜை விரிப்பு, ஜன்னல் திரை எல்லாவற்றையும் நனைத்து, வேலியோரக் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். நாரிஸ் ஒரு கட்டடத்தைப் படுக்கை விரிப்புகளுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. நாரிஸும் பெரிலும் கடைத்தெருவில் இருந்தார்கள். திரும்பி வந்தபோது கொடி காலி. வாசலில் மார்ஜரி கிராம்ப்டன், கூடை நிறைய உலர்த்தி, இஸ்திரி போட்டு, மடித்த துணிகளோடு நின்றார்.

"நனையுதேன்னு எடுத்துட்டு வந்துட்டேன். என்ன பெரில், வீட்ல இருக்கற துணியெல்லாத்தையும் ஒரே நாள்ல போட்டுட்டே?"

"எங்க வீட்டுக்காரருக்கு இப்ப துணி துவைக்கறதுல ஒரு ஆர்வம்," என்றார் பெரில்.

குட்டைச் சுவர் முழங்கால் உயரத்துக்கு எழும்பி நிற்பதை மார்ஜரி கண்டிப்பாகப் பார்த்திருப்பார். ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்காததே நாரிஸைக் கொன்றது.

மீதி இருந்தது ஒரே வழிதான். தொல்லை பிடித்த வாடிக்கையாளராக மாறி, வேலையை இழுத்தடித்து, டாரனே வெறுத்துப்போய் ஓடும்படி செய்வது. தாமதம் செய்வதில் நாரிஸுக்கு இருந்த அனுபவத்துக்கு இது சுலபமாக முடிய வேண்டிய காரியம்.

"ஜன்னல் சட்டம் வெள்ளை வேண்டாம்," என்றார் கறாராக. "க்ரீம் கலர்தான் வேணும்."

"அருமை சார். வண்டியில இருக்கு."

"கூரை பிளாஸ்டிக் கூடாது. கண்ணாடி."

"நானும் அதத்தான் நெனச்சேன்."

"கதவு தோட்டத்துப் பக்கம் திறக்கணும்."

"ஆகட்டும். கைப்பிடி பித்தளையா, எஃகா?"

நாரிஸ் வாயைத் திறந்தார். ஒரு குளிர்காலம் முழுக்கத் தூக்கம் கெட்ட கேள்வி அது. ஆனால் இப்போது இது தன் வீட்டுக் கதவு இல்லையே. கிராம்ப்டனுடைய கதவு. கிராம்ப்டனாக இருந்தால் என்ன சொல்வார்?

"பித்தளை," என்றார்.

சொன்னதும் உடம்பில் ஒரு தெம்பு வந்தது. ஜன்னல் எத்தனை? ஆறு. தரைக்கு என்ன ஓடு? செங்கல் நிறம். விளக்கு? சுவரில் இரண்டு. பத்து வருடமாகத் தீராத அத்தனை வழக்குகளும் ஒரு டீ ஆறுவதற்குள் தீர்ந்தன. கிராம்ப்டனாக இருப்பது நாரிஸுக்கு ரொம்பவும் பிடித்துப்போயிற்று. நெஞ்சை நிமிர்த்திக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மண் மேட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பெரில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கவும் சட்டென்று பழைய நாரிஸாகக் குனிந்துகொண்டார்.

பெரில் பக்கத்தில் இருக்கும்போது டாரன் வெறும் "சார்" என்று மட்டும் கூப்பிட்டது கடவுள் புண்ணியம் என்று அவர் நினைத்தார்.

வேலையை நிறுத்தப் போட்ட திட்டத்தால் வேலை இரட்டை வேகத்தில் நடந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காவது சகஜம். இங்கே குரங்கு பிடிக்கப் போய், அழகான பிள்ளையாராக ஒரு கண்ணாடி அறை எழும்பிவிட்டது.

கூரை ஏறிய அன்று மத்தியானம் நாரிஸ் பின்பக்கம் போனபோது, பெரில் உள்ளே கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். குளிர்கால வெயில் அறை முழுக்க இறங்கியிருந்தது. இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்திருந்தார்.

"இங்க வா நாரிஸ். இந்த விரலைப் பாரு, மடங்குது."

அவர் ஒவ்வொரு விரலாக மடக்கிக் காட்டினார். நாரிஸ் பார்த்தார். இவ்வளவு காலம் ஒரு கைப்பிடிக்காக இந்தக் கைகளை வலியோடு காக்கவைத்துவிட்டோமே என்று நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. இப்போது வந்திருக்கிற வெயிலும் அடுத்தவருடையது. இதைத் திருப்பிக் கொடுத்தால் பெரிலின் முகம் வாடும். கொடுக்காவிட்டால் தான் திருடன். அன்றைக்கு அவரால் சாப்பிட முடியவில்லை.

"உடம்பு சரியில்லையா?" என்றார் பெரில்.

"சந்தோஷத்துல பசிக்கல," என்றார் நாரிஸ். இந்த விவகாரத்தில் அது அவருடைய இரண்டாவது பொய்.

வேலை முடிந்தது. சனிக்கிழமை சாயங்காலம் கிராம்ப்டன் தம்பதியைப் பெரில் டீக்குக் கூப்பிட்டுவிட்டார். நாரிஸைக் கேட்கவில்லை. கதவைக் கடைசியாக ஒருமுறை சரிபார்க்க வந்திருந்த டாரனையும் உட்காரவைத்துக் கையில் தட்டைக் கொடுத்தார். பிரம்பு நாற்காலிகள், ஜெரேனியம் தொட்டிகள், நடுவில் ஜாம் தடவிய பெரிய கேக்.

"வெளிச்சம் நல்லா வருது," என்றார் கிராம்ப்டன், தலையை அண்ணாந்து. "முட்டைக்கோஸுக்கு ரொம்ப நல்லது."

நாரிஸுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டு எழுந்து நின்றார். 

"ஹம்ப்ரி, இந்த அறை உங்களுது."

 கிராம்ப்டன் மனைவியைப் பார்த்தார், மார்ஜரி கேக்கைப் பார்த்தார்.

"ரொம்பப் பெரிய மனசு நாரிஸ் உங்களுக்கு," என்றார் கிராம்ப்டன் தயங்கித் தயங்கி. "வேண்டாம்னு சொன்னா நல்லா இருக்காது. ஆனா இதை எப்படி எங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது?"

"நான் குடுக்கல ஹம்ப்ரி. இது உங்களோடதேதான். உங்க வீட்டுக்கு வரவேண்டியவங்க தப்பா எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க. நான் முதல் நாளே சொல்லியிருக்கணும், சொல்லல. பெரில் அவ்வளவு சந்தோஷப்பட்டா, எனக்கு வாய் வரல. என்கிட்ட இருக்கற கேரவன் வண்டியை எடுத்துக்குங்க. மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாத் தீர்த்துடறேன். இந்த அறை மட்டும் அவளுக்கு இருக்கட்டும். அவ விரல் மடங்குது, ஹம்ப்ரி."

பெரில் கேக் கத்தியும் கையுமாக அப்படியே நின்றார். இந்தமுறை அவர் கண் கலங்கியது வேறு மாதிரி இருந்தது.

கிராம்ப்டன் தட்டைக் கீழே வைத்தார்.

"நாரிஸ், நாங்க எந்த அறையும் சொல்லி வைக்கலையே. குளிர் முத்திட்டா நாங்க ஸ்பெயினுக்குக் கிளம்பிடுவோம். நாங்க எதிர்பாத்துட்டு இருந்தது சாக்கடை அடைப்பு எடுக்கறவரை. நேத்து வந்து எடுத்துட்டுப் போயிட்டாரு."

 நாரிஸ் டாரன் பக்கம் திரும்பினார்.

"அப்படின்னா நீங்க ஏன் என்னைக் கிராம்ப்டன்னு கூப்பிட்டீங்க?"

டாரன் பெரிலைப் பார்த்தார். பெரில் சட்டென்று குனிந்து, மிகுந்த கவனத்தோடு கேக்கை வெட்ட ஆரம்பித்தார்.

"உங்க பேரு டாட்லக்னு எனக்கு நல்லாத் தெரியும் சார்," என்றார் டாரன், வாயில் இருந்த கேக்கை விழுங்கிவிட்டு. "எங்க வீட்டுக்காரரை அவர் பேர்ல கேட்டா இன்னும் பத்து வருஷம் யோசிப்பாரு, பக்கத்து வீட்டுக்காரர் பேர்ல கேளுங்க, கூச்சத்துல மறுக்கவும் மாட்டாரு, கேட்டதுக்கெல்லாம் உடனே பதில் சொல்லிடுவாருன்னு, அறைக்கு ஆர்டர் குடுத்த அன்னைக்கே உங்க வீட்டம்மாதான் சொல்லி அனுப்பிச்சாங்க."